“எதுக்குப் பூ?” என்று முதலில் கேட்கும் கடை: பினாங்கில் ஒரு பூக்கடையும் ஆறு வார ரோஜா வாசிப்பும்

ஜார்ஜ்டவுனில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலை விட்டு வெளியே வந்து, மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கமாக நடந்தால், பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் ஒரு சிறிய பூக்கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. மூன்று நீல வாளிகளில் காம்புள்ள ரோஜாக்கள், ஈரச் சாக்கு விரித்த பலகையில் மல்லிகைச் சரங்கள், மேலே கம்பியில் தொங்கும் மாலைகள், மூலையில் ஒரு பழைய குளிர்பெட்டி, இவ்வளவுதான் கடை. நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். தெருவில் எல்லாரும் அவரை அக்கா என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படித்தான் அழைக்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். இவ்வாண்டு ஆறு வாரங்களுக்கு, வெள்ளிக்கிழமை மாலைகளில், இலக்கியத்தில் ரோஜா எப்படியெல்லாம் பொருள் கொள்ளப்பட்டது என்பதை மட்டுமே எடுத்துக்கொண்டு வாசிப்பது என்று முடிவு செய்தோம். பூவைப் பற்றிப் படிக்கும்போது பூ நடுவில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால் ஆறு வாரமும் பூ வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறு வாரமும் இந்தக் கடையில்தான் வாங்கினேன். கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று அமர்ந்தால் அந்த வாசிப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆறு வாரங்களில் ஒரு பாடலின் பொருளை நான் கடையில் கண்டதும் உண்டு, ஒரு வாளிப் பூவின் பொருளைப் பாடலில் கண்டதும் உண்டு.

முதல் நாள் நான் கேட்டது ரோஜா இல்லை. “காந்தள் கிடைக்குமா அக்கா?” என்றுதான் கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியரும் சுனையாடிவிட்டுப் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் ரோஜா இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் தோட்டத்து ரோஜாவும் அதன் பெயரும் மிகப் பிற்காலத்தில் நம்மிடம் வந்தவை. தனித்தமிழ் அன்பர்கள் ரோஜாவுக்கு முளரி என்று எழுதுவார்கள், ஆனால் பழம்பாடல்களில் முளரி என்றால் தாமரை. ஆகவே நம் இலக்கியத்தில் ரோஜாவைத் தேடுபவர், ரோஜா இன்று அமர்ந்திருக்கும் இருக்கையில் முன்பு எந்தப் பூ இருந்தது என்றுதான் தேட வேண்டும். கபிலரின் பட்டியல் தொடங்குவதே ஒண்செங்காந்தளில். குறுந்தொகையின் முதல் பாடலும் காந்தளில்தான் முடிகிறது.

அந்தப் பாடலைத் திப்புத்தோளார் பாடியிருக்கிறார். நான்கே அடிகள். தலைவியைக் காண வந்தவன் கையில் செங்காந்தள் பூக்களைக் கொண்டுவருகிறான். அதற்குக் கையுறை என்று பெயர், காதலன் கொண்டுவரும் அன்பளிப்பு. தோழி அதை வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று நேராகச் சொல்லவும் இல்லை. போர்க்களம் சிவக்கும்படி அசுரரைக் கொன்ற முருகனுடைய மலை இது, அவன் அம்பு சிவப்பு, அவன் யானையின் கொம்பு சிவப்பு, இந்த மலையில் குருதிப் பூவாகிய காந்தள் குலைகுலையாகக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். எங்களிடம் இல்லாததையா நீ கொண்டுவந்தாய் என்பது சொல்லாமல் விளங்கிவிடுகிறது. பிப்ரவரி மாதத்தில் கையில் சிவப்பு ரோஜாவோடு ஒருவர் தயங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடல்தான் நினைவுக்கு வருகிறது. சிவப்புப் பூவைக் காதலின் தூதாக அனுப்புவதும், அது ஏற்கப்படாமல் திரும்புவதும், அந்தச் சிவப்பில் இரத்தத்தின் நினைவு ஒட்டியிருப்பதும் நமக்கு ரோஜாவோடு வந்தவை அல்ல. ரோஜா வருவதற்கு முன்பே அவை நம்மிடம் ஆயத்தமாக இருந்தன.

கிரேக்கக் கவிஞர் பியோன் அடோனிஸுக்குப் பாடிய இரங்கற்பாவில், அடோனிஸின் இரத்தத்திலிருந்து ரோஜாவும் அஃப்ரோடைட்டியின் கண்ணீரிலிருந்து வேறொரு பூவும் பிறந்ததாக வருகிறது. குருதிப் பூ என்ற நம் சொல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், இரண்டு நிலங்களின் கவிஞர்கள் ஒரே சிவப்பைக் கண்டு ஒரே இடத்துக்குப் போயிருப்பது தெரிந்தது. அன்று மாலை நாங்கள் வேறெதுவும் வாசிக்கவில்லை.

அக்காவிடம் காந்தள் இல்லை. அதன் கிழங்கு நஞ்சு என்பதும், மாலைக்கு அது நிற்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு அவர் கேட்ட கேள்வியைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன். “எதுக்குப் பூ, டீச்சர்?”

விலை சொல்வதற்கு முன், நிறம் கேட்பதற்கு முன், எத்தனை வேண்டும் என்று கேட்பதற்கும் முன், அவர் எல்லாரிடமும் கேட்பது இதைத்தான். பலகைக்கு அடியில் நீளமான ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, பெயர், பூ, வெள்ளி (ரிங்கிட்) என்று கோடு போட்ட பக்கங்களில், பெயருக்கும் பூவுக்கும் நடுவே “எதுக்கு” என்று ஒரு கட்டம் இருக்கிறது. காதணி விழா, பதினாறாம் நாள், புதுக்கார் பூசை, மருத்துவமனை, பட்டமளிப்பு என்று அதில் எழுதியிருக்கும். முருகனின் மலையையும் அங்குள்ள சிவப்புப் பூவையும் பற்றிய பாட்டு என்று நான் விளக்கியதும், அவர் நன்றாகச் சிவந்த, பாதி விரிந்த ரோஜாக்களை மட்டும் ஒரு வாளியிலிருந்து பொறுக்கினார். “தண்ணிமலைக்கு இதுதான் போகுது” என்றார். தைப்பூசத்தில் வெள்ளி ரதமும் 2017 முதல் தங்க ரதமும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், தட்டுத் தட்டாக நீளும் மாலைகளில் பெரும்பாலும் சிவப்பு ரோஜாதான் இருக்கிறது. பினாங்கில் முருகனுக்குக் காந்தள் கிடைக்காது, அந்த இடத்தை ரோஜா எடுத்துக்கொண்டுவிட்டது. நான் நெடுநேரம் விளக்கி நிறுவ நினைத்திருந்ததை அவர் மூன்று சொற்களில் சொல்லிவிட்டார்.

பூக்களின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோஜாக்கள் கேமரன் மலையிலிருந்து லோரியில் வருகின்றன. வாரத்தில் எந்த நாள்களில் வரும் என்பதை அக்காவே சொல்லிவிடுவார், அந்த நாள்களில் வாங்கினால் ஐந்து நாள் வரை தாங்குகிறது. மற்ற நாள்களில் குளிர்பெட்டியில் இருந்ததைத்தான் தருவார். அதை மறைக்கவும் மாட்டார். மூன்றாம் வாரம் நான் வாங்கியவை மறுநாளே தலை சாய்ந்தன. போய்ச் சொன்னபோது, அவை முந்தைய லோரியில் வந்தவை என்று முதலிலேயே சொன்னதை நினைவூட்டினார். உண்மைதான், நான்தான் அவசரத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் கணக்கில் சேர்க்காமல் இரண்டு காம்பு கூடுதலாக வைத்தார்.

மாலை கட்டும் வேலையை அருகிருந்து பார்த்தேன். கல்யாண மாலைக்கு ஒரு ரோஜாவை எடுத்து, வெளிப்புறத்தில் பச்சை படிந்த இரண்டு இதழ்களை மட்டும் களைந்து, மற்ற இதழ்களைக் கட்டைவிரலால் மெல்ல வெளிப்பக்கமாக மடக்கி விடுகிறார். மொட்டாக வந்த பூ அரை நிமிடத்தில் முழுதாக மலர்ந்த பூவாகிவிடுகிறது. குஞ்சத்துக்கு மட்டும் மடக்காத மொட்டுகளை வைக்கிறார். இரண்டு பூக்களுக்கு நடுவே ஒரு கிள்ளு மரிக்கொழுந்து, மணத்துக்காக. ரோஜாவுக்கே மணம் இல்லையா என்று கேட்டேன். ஒன்றை எடுத்து என் முகத்துக்கு அருகில் நீட்டினார். ஈரத்தின் வாசனை வந்தது, பச்சிலையின் வாசனை வந்தது, ரோஜாவின் வாசனை வரவில்லை.

இது இந்தக் கடையின் குறை அன்று. வாளியில் பல நாள் நிற்கவும், லோரியில் அடிபடாமல் வரவும், நீண்ட காம்போடு வளரவும் என்று தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகைகளில் மணம் பின்னுக்குப் போய்விட்டது. உலகெங்கும் கொய்மலர் வாணிகத்தில் நேர்ந்தது இதுதான். ஆனால் இலக்கியம் படிப்பவருக்கு இது சிறிய செய்தி அல்ல. ரோஜாவை வேறு பெயரிட்டு அழைத்தாலும் அது அதே இனிமையோடுதான் மணக்கும் என்று ஷேக்ஸ்பியரின் ஜூலியட் மாடத்தில் நின்று சொல்கிறாள். பெயர் உதிரலாம், மணம் நிற்கும் என்பது அவளுடைய வாதத்தின் அடித்தளம். இன்று நம் கைக்கு வரும் ரோஜாவில் பெயர் நிற்கிறது, மணம் உதிர்ந்துவிட்டது. அந்த வரியைப் படித்துவிட்டு எங்கள் வட்டத்தில் ஒவ்வொருவரும் நடுவில் இருந்த பூவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அக்காவிடம் சிறிய இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜா ஒரு கூடை வருகிறது. யாரோ வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துக் கொடுப்பது. காம்பு குட்டை, மதியத்துக்குள் இதழ் உதிரத் தொடங்கிவிடும், ஆனால் கடையின் வாசலிலேயே மணம் தெரியும். இந்தக் கடையில் ஒன்றே ஒன்றை வாங்குவதென்றால் அதை வாங்குங்கள், காலை ஒன்பதுக்குள் போங்கள்.

பன்னீர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் ஊரில் புழங்கும் மொழிகளில் இந்தப் பூ முதலில் தண்ணீராக வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மலாயில் ரோஜாவுக்கு மாவார் என்று பெயர். அரபியில் மா என்றால் நீர், வர்த் என்றால் ரோஜா. ரோஜாநீர் என்ற சொல்தான் மலாயில் பூவின் பெயராக நின்றுவிட்டது. இந்தியில் குலாப் என்பதும் அப்படித்தான், பாரசீகத்தில் குல் பூ, ஆப் நீர். தமிழில் நாம் முதலில் பனிநீரை அறிந்து, பிறகு அதைத் தரும் பூவுக்குப் பன்னீர் ரோஜா என்று பெயரிட்டோம். குப்பியில் வாணிகர் கொண்டுவந்த நீர் முன்னால் வந்தது, செடி பின்னால் வந்தது. இங்குள்ள கடைகளில் பாண்டுங் என்று வாங்கிக் குடிக்கும் இளஞ்சிவப்புப் பாலிலும் இருப்பது அந்த ரோஜாச் சாறுதான். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளிப்பதும், சூலியா தெரு நாகூர் தர்காவில் பூப்போர்வை சார்த்துவதும், கல்லறையில் மாவார் நீரை ஊற்றி இதழ் தூவுவதும் ஒரே பூவின் மூன்று வழக்கங்கள். அக்காவின் நோட்டில் மூன்றுக்கும் தனித்தனியே வரிகள் உண்டு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கமிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு உதிரி இதழ் மட்டும், காம்பும் நாரும் கலக்காமல், எடை போட்டுக் கொடுக்கிறார்.

பாரசீகக் கவிஞர் சாதி (Saadi) 1258இல் எழுதி முடித்த நூலுக்கு ரோஜாத் தோட்டம் என்றே பெயர், குலிஸ்தான். நண்பர் ஒருவர் தோட்டத்தில் மேலங்கி நிறையப் பூப் பறித்துக்கொண்டு ஊர் திரும்பத் தயாராகிறார். இந்தப் பூ ஐந்தாறு நாள்தான் இருக்கும், நான் எழுதப்போகும் தோட்டம் வாடாது என்று சாதி சொல்ல, நண்பர் மேலங்கியில் இருந்த பூவையெல்லாம் கீழே கொட்டிவிடுகிறார். பாக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்ததும் அதே 1258இல்தான். ஐந்தாறு நாள் என்று சாதி சொன்ன கணக்கும் கேமரன் ரோஜாவைப் பற்றி அக்கா சொன்ன கணக்கும் ஒன்றாக இருந்ததை வாசிப்பில் சொன்னபோது, இதுவரை எதற்கும் வாய் திறக்காத எங்கள் உறுப்பினர் ஒருவர், அப்பாவின் கல்லறைக்கு வெள்ளிதோறும் இதழ் வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவரும் வாங்குவது இதே கடையில்தான்.

நான்காம் வாரம் நான் முள்ளோடு ரோஜா கேட்டேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. “முள்ளோட யாரு டீச்சர் வாங்குவா? கையக் கிழிச்சிரும். நானே எடுத்துத் தரேன்” என்றார். அவர் முள் எடுக்கும் விதம் பார்க்க அழகானது. காம்பைத் தலைகீழாகப் பிடித்து, கத்தியின் முனையால் அல்லாமல் முதுகால், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. முள் ஒவ்வொன்றும் அடிப்பக்கம் சிறிய வெளிர்த்தழும்பை விட்டுவிட்டுத் தெறிக்கிறது. செடிநூலார் கணக்கில் ரோஜாவினுடையது உண்மையான முள்ளே அல்ல, தண்டின் மேல்தோலிலிருந்து எழுவது, அதனால்தான் அப்படி எளிதில் உரிந்து வருகிறது. ஆதியில் ஏதேன் தோட்டத்தில் ரோஜா முள்ளில்லாமல் பூத்ததாக ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியான தம் காவியத்தில் எழுதினார். நம் கடைகளிலோ வாடிக்கையாளர் கைக்கு வரும்போது எல்லா ரோஜாவும் ஏதேன் ரோஜாதான், முள் அனைத்தும் கடைக்காரர் காலடியில் கிடக்கின்றன. அக்காவின் இடக்கை ஆள்காட்டி விரலில் சிறு சிறு கீறல்கள் காய்ந்து கறுத்திருக்கின்றன. அதை நான் அன்றுதான் கவனித்தேன்.

முள் வேண்டியிருந்தது ஆஸ்கார் வைல்டின் கதைக்காக. 1888இல் வந்த அந்தக் கதையில் ஒரு மாணவனுக்குச் சிவப்பு ரோஜா ஒன்று வேண்டும், அதைக் கொடுத்தால்தான் பேராசிரியரின் மகள் அவனோடு நடனமாடுவாள். குளிரில் சிவப்பு ரோஜா எங்குமில்லை. அவனுடைய அழுகையைக் கேட்ட நைட்டிங்கேல் பறவை, பூக்க முடியாமல் நின்ற ரோஜாச் செடியின் முள்ளில் தன் நெஞ்சை அழுத்தி, இரவு முழுவதும் பாடி, தன் இரத்தத்தால் ஒரு சிவப்பு ரோஜாவைப் பூக்க வைத்துவிட்டு இறந்துபோகிறது. காலையில் மாணவன் அதைப் பறித்துக்கொண்டு போகிறான். என் உடைக்கு இது பொருந்தாது, வேறொருவர் நகை அனுப்பியிருக்கிறார் என்கிறாள் அந்தப் பெண். அவன் பூவைத் தெருவில் எறிகிறான், வண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறிப் போகிறது. ரோஜாவையும் புல்புல்லையும் காதலுக்கு இணையாக வைத்த பாரசீகப் பாடல்களின் நீட்சி இது. ஆனால் பாரசீகத்தில் பறவை தன் காதலுக்காகப் பாடும், இங்கே பிறனுடைய காதலுக்காகச் சாகிறது.

இந்தக் கதையையும் குறுந்தொகையின் முதல் பாடலையும் ஒரே மூச்சில் வாசித்தபோதுதான் எனக்கு வேறுபாடு தெளிவானது. இரண்டிலும் சிவப்புப் பூ ஏற்கப்படவில்லை. வைல்டின் பெண் பூவின் விலையைப் பார்க்கிறாள், அந்தப் பூவுக்குள் ஓர் உயிர் இருப்பது அவளுக்கும் தெரியாது, மாணவனுக்கும் தெரியாது. படிக்கும் நமக்கு மட்டும்தான் தெரியும். தமிழ்த் தோழிக்கோ அந்தப் பூவின் முழு வரலாறும் தெரியும், போர்க்களமும் தெய்வமும் மலையும் தெரியும், தெரிந்ததனால்தான் மறுக்கிறாள். அவளுடைய மறுப்பில் தலைவனுக்கு ஒரு வழியும் திறந்திருக்கிறது என்று உரைகாரர்கள் கொள்வதும் உண்டு, அந்த மலையில் வந்து காண் என்று குறிப்பதாக. பூவின் பொருள் தெரிந்தவர் கையில் அது மறுக்கப்பட்டாலும் மதிப்போடு மறுக்கப்படுகிறது. அன்று நடுவில் இருந்த முள்ளுள்ள காம்பைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடியே படித்தோம். எல்லாரும் இரண்டு விரலால் கவனமாகப் பிடித்தார்கள். முள்ளில்லாத பூவை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

நிறங்களைப் பற்றி அக்காவிடம் கேட்டால் ஒரு மாலைப் பொழுது போதாது. ஐரோப்பாவில் பூக்களின் மொழி என்று ஒரு வழக்கம் பரவி, ஷார்லத் தெ லதூர் என்ற பெயரில் 1819இல் பாரிசில் வந்த நூலைத் தொடர்ந்து அகராதி போலவே பல நூல்கள் வெளியாயின. அவற்றில் மஞ்சள் ரோஜாவுக்குப் பொறாமை, குறைந்துபோன அன்பு போன்ற பொருள்கள் சொல்லப்பட்டன. அதைப் படித்துவிட்டு வந்து மஞ்சள் ரோஜாவை ஒதுக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மாரியம்மனுக்கு மஞ்சள் ரோஜா மாலை கட்டிக்கொண்டிருக்கும் கைகளைப் பார்த்த எவருக்கும் அந்த அகராதி இங்கே செல்லாது என்பது புரியும். நமக்கு மஞ்சள் என்றால் மங்கலம், மஞ்சளைக் கண்டு மனம் சுருங்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. வெள்ளைக்கு வந்தால் அக்கா மறுபடியும் கேள்வி கேட்பார், சீன நண்பர் வீட்டுக்கா, யாருக்கு என்ன வயது என்று. இழவு வீட்டுக்குப் போகும் நிறத்தைப் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. நான்கு பூ கேட்டால் ஐந்தாக வாங்கச் சொல்வார், ஹொக்கியன் என்ற சீன வழக்குப் பேசும் வீட்டில் நான்கு என்ற ஒலி சாவை நினைவூட்டும் என்பதால்.

இதன் அருமை எனக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் நினைவு நாளுக்கு, கைபேசி வழியாகப் பூ அனுப்பும் ஒரு சேவையில் வெள்ளை ரோஜா கேட்டிருந்தேன். வந்தவை நீலச்சாயம் ஊற்றிய ரோஜாக்கள், மேலே மினுக்குத் தூள், நடுவில் ஒரு கரடி பொம்மை. கேட்டதற்கு, வெள்ளை தீர்ந்துவிட்டது, விலை கூடுதலான வகையைத்தான் அனுப்பினோம் என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தரவும் செய்தார்கள். ஆனால் அம்மாவின் படத்துக்கு முன்னால் அன்று பூ இல்லாமலே விளக்கேற்றினோம். அவர்கள் ஒருமுறை “எதற்கு” என்று கேட்டிருந்தால் போதும்.

சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து ஒரு வாரம் வாங்கினேன், இங்கிலாந்தின் ரோஜாப் போர்களை வாசிப்பதற்காக. 1455இல் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யார்க் குடும்பமும் லங்காஸ்டர் குடும்பமும் மோதின. பிரபுக்கள் தோட்டத்தில் நின்று ஆளுக்கொரு பூவைப் பறித்துக் கட்சி பிரியும் புகழ்பெற்ற காட்சி ஷேக்ஸ்பியரின் கற்பனை. வென்ற ஏழாம் ஹென்றி யார்க் குடும்பத்துப் பெண்ணை மணந்து, சிவப்புக்குள் வெள்ளையை வைத்து ஒரே ரோஜாவாக்கித் தன் சின்னமாகக் கொண்டார். எங்கள் வட்டத்தில் இது எவருக்கும் வியப்பாக இல்லை. ஆநிரை கவரப் போகையில் வெட்சி, மீட்கப் போகையில் கரந்தை, எயிலை வளைக்கையில் உழிஞை, உள்ளிருந்து காக்கையில் நொச்சி, நேர்நின்று பொருகையில் தும்பை, வென்றால் வாகை என்று பூவைச் சூடிப் போர் செய்து, போருக்குப் பூவின் பெயரையே வைத்த மரபு நம்முடையது. அந்த வெட்சியைத்தான் இட்லிப்பூ என்று சொல்லி, பினாங்குச் சாலையோரங்களில் வேலியாக வெட்டி விட்டிருக்கிறோம்.

அன்று அக்கா சிவப்பையும் வெள்ளையையும் ஒரே கட்டாகக் கட்ட முதலில் தயங்கினார். சண்டைக் கதை என்று சொன்னதும் இரண்டையும் இரண்டு கட்டாகக் கட்டினார். கடைசியில் ராஜா அந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று சொன்னேன். இரண்டு கட்டையும் சேர்த்து ஒரு வாழைநாரைச் சுற்றிக் கொடுத்தார்.

ஐந்தாம் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய சொர்க்கத்தில் ஆன்மாக்கள் அனைவரும் ஒரு மாபெரும் வெள்ளை ரோஜாவின் இதழ்களாக அமர்ந்திருக்க, தேவதூதர்கள் தேனீக்களைப் போல அதில் இறங்கி ஏறுகிறார்கள். படிக்கப் படிக்கப் பெருகும் காட்சி அது, ஆனால் ஒரு மாலைக்குள் அடங்குவதில்லை. நான் எடுத்துச் சொல்ல விரும்புவது ஒன்றை மட்டும். ரோஜாத் தோட்டம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் மேல்நாட்டுக் கத்தோலிக்கர் அழைக்கும் மணிவடத்தை, தமிழ்க் கத்தோலிக்கர் ஜெபமாலை என்கிறார்கள். அங்கே தோட்டமாக இருந்தது இங்கே மாலையாகிவிட்டது. பூ நம்மிடம் வந்தால் தொடுக்கப்பட்டுத்தான் ஆக வேண்டும் போலும். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் மாலை கேட்டு வருபவர்களின் பெயர்களும் அக்காவின் நோட்டில் இருக்கின்றன.

விலையைப் பற்றி. காம்பு ரோஜா ஒன்றுக்கு நான் மூன்று வெள்ளி கொடுத்தேன், காதலர் தினத்தை ஒட்டி அது இரட்டிப்பாகிறது என்று அவரே சொன்னார். கடையில் எதற்கும் விலை எழுதி ஒட்டியிருப்பதில்லை. புதிதாக வருபவருக்கு இது தயக்கம் தரும், எழுதி வைப்பது நல்லது என்று அவரிடம் சொன்னேன், இதுவரை செய்யவில்லை. கைபேசியில் பணம் செலுத்தும் வசதி உண்டு, ஆனால் அவருடைய மகன் கடையில் இருக்கும்போது மட்டும். வெள்ளிக்கிழமை மாலையிலும் பௌர்ணமியிலும் முக்கால் மணி நேரம் வரை காத்திருக்க நேரிடும். கல்யாண மாலைக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வண்டி நிறுத்த இடம் தேடி அலையாமல், கொம்தாரிலிருந்து நடந்தே வருவது நல்லது. குறுக்கே கம்பி குத்தி நிமிர்த்திய பூக்களையும், சாயம் ஏற்றியவற்றையும் அவர் விற்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டாலும் விற்பதில்லை என்பதை நானே இருமுறை பார்த்தேன்.

மேசையின் மேல் வைக்க அழகான கண்ணாடித் தாள் சுற்றிய பூச்செண்டு வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை ஏற்றதல்ல. இங்கே பூவைச் சுற்றித் தருவது வாழையிலையிலும் பழைய நாளிதழிலும். அதனால் எங்கள் வட்டத்தில் ஒருவருக்குத் தொடக்கத்தில் மனக்குறை இருந்தது. ஈரமான வாழையிலையில் வந்த பூ இரவு பத்து மணிக்கும் வாடாமல் இருந்ததைக் கண்டபின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆறாம் வாரம் ரில்கேயைப் படித்து முடித்தோம். 1926இல் இறந்த அந்தக் கவிஞர் தம் கல்லறையில் பொறிக்கத் தாமே எழுதிவைத்த மூன்று வரிகளில், ரோஜாவைத் தூய முரண் என்று விளிக்கிறார். அத்தனை இமைகளுக்குக் கீழே யாருடைய உறக்கமாகவும் இல்லாதிருக்கும் இன்பம் என்கிறார். இதழை இமை என்று கண்ட அந்த வரியைப் படித்தபோது, மொட்டின் இதழ்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மடக்கித் திறந்த அக்காவின் கை என் நினைவில் இருந்தது. ரோஜாவுக்குப் பொருள்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதால் இப்போது அதற்கு ஏறக்குறையப் பொருளே இல்லை என்று உம்பர்த்தோ எக்கோ, ‘ரோஜாவின் பெயர்’ என்ற தம் நாவலின் தலைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். நூல்களின் அளவில் அது உண்மையாக இருக்கலாம். ஒவ்வொரு காம்புக்கும் எதற்கு என்று கேட்டு எழுதி வைக்கும் நோட்டு ஒன்று குயின் ஸ்ட்ரீட் பக்கத்தில் இருக்கும்வரை, அதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்த சுற்று வாசிப்புக்கு முன்பணம் கொடுக்கப் போனவாரம் போயிருந்தேன். நோட்டைத் திருப்பி எங்கள் பெயரைக் கண்டுபிடித்துப் புதிய வரி எழுதினார். பெயருக்கும் பூவுக்கும் நடுவே இருந்த கட்டத்தில், ஆறு வாரமாக வெறுமனே “டீச்சர் கூட்டம்” என்று இருந்த இடத்தில், இம்முறை நிறுத்தி யோசித்து, “பாட்டு படிக்க, முள்ளு எடுக்கக் கூடாது” என்று எழுதிக்கொண்டார்.